அக்காவுக்கு நடந்து வந்தது, தங்கைக்கு ஓடி நின்றது: படுவான்கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

தைப்பொங்கல் கழிந்து இரண்டாம் கிழமை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து மண்முனைப் பாலம் தாண்டி வந்த ஒரு தாயும் இரண்டு மகள்மாரும் எங்கள் கிளினிக் வாங்கில் இருந்தார்கள். துண்டு எடுத்தது இளையவளுக்கு. வயது 17, உயர்தரம் முதலாம் ஆண்டு, பாடசாலைக்காக 1500 மீற்றரும் 3000 மீற்றரும் ஓடுபவள். இடது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஓரிடத்தில் நோவு. ஓடத் தொடங்கியதும் வருகிறது, ஓடி முடித்த பிறகும் இரவு வரை நிற்கிறது. பூசுவதற்கு ஏதாவது மருந்து வேண்டும், மாகாணப் போட்டிக்கு முன் சுகமாக வேண்டும். அவர்கள் வந்த காரணம் அவ்வளவுதான்.

ஓட்டக்காரப் பெண்பிள்ளை எலும்பில் ஒற்றைப் புள்ளி நோவோடு வந்தால், அடுத்த கேள்வி மாதவிடாய் பற்றியதாக இருக்கவேண்டும். கேட்டேன். பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்தாள். "அதுக்கு நாங்க மருந்து எடுக்கிறம் டொக்டர். சூலகத்தில நீர்க்கட்டியாம்" என்று தாய் ஒரு பிளாஸ்டிக் கோப்பை நீட்டினார். உள்ளே ஒரு ஸ்கேன் தாள், மெட்ஃபோமின் (நீரிழிவுக்கும் நீர்க்கட்டிக்கும் கொடுக்கும் குளிசை) 500 மில்லிகிராம் நாளுக்கு இரண்டு என்று எழுதிய சீட்டு, அதன் அடியில் "உடற்பயிற்சியைக் கூட்டவும், சோற்றைக் குறைக்கவும்" என்று ஒரு வரி. ஐந்து மாதமாக அந்த வரியைப் பிள்ளை ஒரு நாள் தவறாமல் பின்பற்றியிருக்கிறாள்.

முதல் சில நிமிடங்கள் நானும் ஸ்கேன் தாளைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் பிள்ளையின் கையைப் பார்த்தேன். மணிக்கூட்டு வாரில் ஆணியால் குத்திய இரண்டு புதிய துளைகள். கடையில் போட்டு வந்த துளைகள் எல்லாம் கைக்குத் தளர்ந்துபோய், வார் மிஞ்சித் தொங்கிக்கொண்டிருந்தது. உயரம் 158 சென்ரிமீற்றர், நிறை 42.5 கிலோ. உடற்திணிவுச் சுட்டெண் 17. ஒரு வருடத்துக்கு முன் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் 47 கிலோ இருந்திருக்கிறாள். நிறையைக் குறைக்கவேண்டிய எந்தத் தேவையும் அவளுக்கு அன்றும் இருக்கவில்லை.

தாய் கேட்ட கேள்விதான் இதை எழுதவைத்தது. "மூத்தவளுக்கு நடந்து நடந்து வந்தது டொக்டர். இளையவளுக்கு ஓடி ஓடி நிண்டு போயித்து. ரெண்டும் என்ர வயித்துப் பிள்ளையள்தான். மறுகா ஏன் இப்பிடி?"

(மூவரும் எழுதச் சம்மதித்தார்கள். ஊரும் பாடசாலையும் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அக்கா

அக்காவின் கதை சுருக்கமானது, ஆனால் அதைச் சொல்லாமல் தங்கையின் கதை விளங்காது. வயது 26, ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்கக் கதிரையில் வேலை. வருடத்துக்கு நான்கைந்து தடவைதான் மாதவிடாய். இடைவெளி 50 நாளும் போகும், 90 நாளும் போகும். நாடியில் தடித்த முடி. கழுத்தின் பின்பக்கம் கறுத்துத் தடித்திருந்தது. இதை ஊரில் அழுக்கென்று நினைத்துப் பீர்க்கங்காய்த் தும்பு போட்டுத் தேய்க்கிறார்கள். அது அழுக்கல்ல, இன்சுலின் மிஞ்சியிருப்பதன் அடையாளம். நிறை 71 கிலோ, சுட்டெண் 29. தெற்காசியர்களான நமக்கு 23ஐத் தாண்டினாலே கவனிக்கவேண்டும் என்பது 2004இலிருந்து உலக சுகாதார நிறுவனம் சொல்லிவரும் கணக்கு. மாதவிடாய் பிந்துவதும் ஆண் ஹோர்மோன் மிகைக்கான அறிகுறியும் சேர்ந்திருந்ததால், மற்றக் காரணங்களை விலக்கிய பிறகு, ஊரில் நீர்க்கட்டி என்று சொல்லும் பல்பை சூலக நோய் (PCOS) என்று, 2003இல் ரொட்டர்டாமில் நிபுணர்கள் வகுத்த வரையறைப்படி உறுதியானது.

போன வருடம் மாசியில் நடக்கத் தொடங்கினாள். வேலை முடிந்து கல்லடிக் கடற்கரையில் மணலோரமாக 40 நிமிடம், கிழமைக்கு ஐந்து நாள், மூச்சு வாங்கும் வேகத்தில். இரண்டு நாள் வீட்டில் தண்ணீர் நிரப்பிய போத்தல்களைத் தூக்கிக் கைகால் தசைக்கான பயிற்சி. பின்னேரத் தேநீரோடு தின்னும் சோட்டீட்ஸை விட்டாள், இரவுப் பிட்டைக் கொஞ்சம் குறைத்தாள். ஏழு மாதத்தில் 5 கிலோ இறங்கியது, அதாவது அவளுடைய நிறையில் 7 வீதம். புரட்டாதியிலிருந்து 33 முதல் 38 நாளுக்குள் மாதவிடாய் வருகிறது.

வீட்டில் இது பெரிய செய்தி. தங்கை அதே மாசியில்தான் மாகாண மட்டத்துக்கென்று பயிற்சியைக் கூட்டியிருந்தாள். அக்கா சோற்றைக் குறைத்தபோது அவளும் குறைத்தாள். ஓட்டக்காரி மெலிந்திருந்தால் வேகம் கூடும் என்று யாரோ சொன்னதும் அதோடு சேர்ந்துகொண்டது. சித்திரையில் வந்த மாதவிடாய்க்குப் பிறகு வரவில்லை. ஆவணியில் ஓரிடத்தில் காட்டினார்கள். "அக்காவுக்கும் நீர்க்கட்டி" என்ற தகவலும் ஸ்கேன் தாளும் சேர்ந்து அக்காவின் நோயை அப்படியே தங்கைக்கும் எழுதிவிட்டன. சரியான மருத்துவ ஆலோசனைதான், ஆனால் அது வீட்டில் வேறொருத்திக்கு உரியது.

கலண்டர்

இரண்டாம் முறை வரும்போது வீட்டுச் சுவர்க் கலண்டரைக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னேன். மட்டக்களப்புத் தாய்மாரில் பலர் பிள்ளைகளின் நாட்களைக் குறித்து வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். கோயில் அலுவலுக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்ற கணக்குக்காக வைக்கும் குறிப்பு அது. அந்த வழக்கம் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. ஆனால் எந்தச் செல்போன் செயலியையும் விட நம்பத்தக்க பதிவு அதில்தான் கிடைத்தது.

மூத்தவளுக்குச் சிவப்புப் பேனை, இளையவளுக்கு நீலம். தை 30 நாள் கழித்து மாசி, மாசி 32 நாள் கழித்து பங்குனி, பிறகு சித்திரை. அதன் பின் நீலம் இல்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கு நாளுக்குக் கோடு கீறியிருந்தது. "அந்த வருசம் ரெண்டு புள்ளையளும் சடங்குக்கு வரலாம் எண்டு சந்தோசப்பட்டனான் டொக்டர்" என்றார் தாய். ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாதி, ஐப்பசி, கார்த்திகை எல்லாம் வெறும் கட்டங்கள். மார்கழி தொடக்கத்தில் மட்டும் இரண்டு சின்ன நீலப் புள்ளி.

அந்த இரண்டு புள்ளிதான் எனக்கு வழி காட்டியது. "மார்கழிக்கு முன்ன என்ன நடந்த மகள்?" என்று கேட்டேன். கார்த்திகையில் வெள்ளம். மைதானம் மூழ்கிப் போனது, வாய்க்காலும் வயலும் ஒன்றாகக் கிடந்தன, மூன்று கிழமை அவள் ஓடவில்லை. அம்மாவுடன் வீட்டில் இருந்து மூன்று வேளையும் சாப்பிட்டிருக்கிறாள். மழை விட்டதும் இல்ல மெய்வல்லுனர் போட்டிக்கு மீண்டும் பயிற்சி, மீண்டும் ஒன்றும் வரவில்லை.

சோதனைகள்

12 வயதில் பெரியபிள்ளையானவள், 14இலிருந்து ஒழுங்காக வந்துகொண்டிருந்தவள். இதை அழுத்திச் சொல்கிறேன். பூப்படைந்த முதல் ஆண்டுகளில் 45 நாள் வரை பிந்துவது பெரும்பாலும் இயல்பு. மூன்று வருடம் கழிந்தபின் 35 நாளைத் தாண்டுவதோ, வருடத்துக்கு எட்டுக்குக் குறைவதோ ஒழுங்கீனம். எந்த வயதிலும் ஒரு முறை 90 நாளைத் தாண்டினால் காரணம் தேடவேண்டும். இவளுக்கு ஒழுங்காக வந்தது நின்றிருக்கிறது, அதுவே தனிக் கேள்வி.

தாயை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கர்ப்பப் பரிசோதனை செய்தோம். எல்லோருக்கும் செய்வது என்று அவளுக்கு விளக்கினேன். இல்லை என்று வந்தது. தைரொயிட், புரோலக்ரின் இரண்டும் இயல்பு. முகத்தில் முடியோ பருவோ இல்லை, ஆண் ஹோர்மோனான ரெஸ்ரோஸ்ரெரோன் இயல்பு. சூலகத்தை இயக்க மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹோர்மோன்களான எஃப்.எஸ்.எச். 4.2, எல்.எச். 1.0, சூலகம் சுரக்கும் ஈஸ்ரடையோல் 18 பிகோகிராம்: சூலகத்துக்கு மேலிருந்து வரும் கட்டளையே அடங்கிப் போயிருந்தது. ஓய்வில் நாடித்துடிப்பு 48, இரத்த அழுத்தம் 92/60. ஹீமோகுளோபின் 10.4, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிற்றின் 9, இரண்டும் குறைவு. கால் எக்ஸ்றேயில் ஒன்றும் தெரியவில்லை. தொடக்கக் கட்ட எலும்பு அழுத்தக் காயம் (ஓடி ஓடி எலும்பில் விழும் நுண்ணிய வெடிப்பு) எக்ஸ்றேயில் தெரியாமல் இருப்பது வழமை, விரலால் அழுத்தும்போது அவள் துள்ளியதே போதுமாக இருந்தது.

கோப்பில் இன்னொரு தடயமும் கிடந்தது. ஐப்பசியில் மாதவிடாயை வரவைக்கவென்று மெட்ரொக்சிப்ரொஜெஸ்ரரோன் குளிசை 10 நாள் கொடுத்திருக்கிறார்கள். குடித்து முடித்தும் ஒரு துளி இல்லை. பல்பை சூலக நோயில் பெண் ஹோர்மோனான ஈஸ்ரஜன் (ஈஸ்ரடையோல் அதில் ஒன்று) இருக்கும், கருப்பை உட்சுவர் தடித்திருக்கும், குளிசை நிறுத்தியதும் பெரும்பாலும் இரத்தம் போகும். ஒன்றும் வராதபோது உட்சுவரை வளர்க்க ஈஸ்ரஜன் இல்லை என்றே முதலில் நினைக்கவேண்டும். அன்று அந்தப் பதிலைக் காதில் வாங்கியிருந்தால் மூன்று மாதம் மிஞ்சியிருக்கும்.

ஸ்கேனில் தெரிந்த நீர்க்கட்டிகள்? இந்த வயதுப் பெண்களின் சூலகத்தில் சின்னச் சின்னப் பைகள் நிறையத் தெரிவது சாதாரணம். அதனால்தான் பூப்படைந்து எட்டு வருடம் ஆகும்வரை ஸ்கேனை வைத்துப் பல்பை சூலக நோயைத் தீர்மானிக்கவேண்டாம் என்று அந்த நோய்க்கான 2023 சர்வதேச வழிகாட்டி சொல்கிறது. இவளுக்கு ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. சக்திக் குறைவால் மாதவிடாய் நின்றவர்களிலும் கணிசமானோருக்கு இதே தோற்றம் வரும்.

ஒரு நாள் சாப்பாடு

எந்த இரத்தப் பரிசோதனையையும் விட, அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிய ஒரு பக்கம்தான் நோயைச் சொன்னது. காலை நாலே முக்காலுக்கு எழும்புவாள். சீனி போட்ட பிளேன்ரீ. சைக்கிளில் மைதானம், 8 கிலோமீற்றர் ஓட்டம். பாடசாலை இடைவேளையில் மூன்று இடியப்பம், சம்பல். இரண்டரைக்கு வீடு; ஒரு கோப்பைச் சோறு, கீரை, ஒரு துண்டு மீன். பிறகு கிழமையில் நான்கு நாள் மீண்டும் மைதானம். இரவில் ஒரு வாழைப்பழமும் கிறீம் கிறக்கர் இரண்டும் பிளேன்ரீயும். "பசிக்காதா மகள்?" என்றேன். "முதல்ல பசிச்ச. இப்ப இல்ல டொக்டர்." அந்தப் பதில் எனக்கு நல்லதாகப் படவில்லை.

கூட்டிப் பார்த்தால் நாளுக்குச் சுமார் 1400 கிலோகலோரி. ஓட்டத்துக்கும் சைக்கிளுக்கும் சராசரி 500 போய்விடும். மிச்சம் 900. கொழுப்பு நீங்கலான அவளுடைய உடல் நிறை சுமார் 36 கிலோ. 900ஐ 36ஆல் பிரித்தால் கிலோவுக்கு 25. இந்தக் கணக்குக்குப் பெயர் கிடைக்கும் சக்தி. ஆரோக்கியமாக இருக்க 45 அளவில் வேண்டும். 2003இல் லவுக்ஸ், துமா இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஒழுங்காக மாதவிடாய் வந்துகொண்டிருந்த இளம் பெண்களுக்கு இதை ஐந்தே நாள் 30க்குக் கீழே இறக்கியபோது எல்.எச். துடிப்புகள் குழம்பின. ஐந்து நாளில் குழம்புவதை இவள் பத்து மாதமாகச் செய்திருக்கிறாள். 30 எல்லோருக்கும் ஒரே கோடு அல்ல, ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் 25இல் இருக்கும் பிள்ளைக்கு அந்த விவாதம் தேவையில்லை.

ஏன் இருவருக்கும் இரு விதம்

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலமஸ் ஒரு ஹோர்மோனைத் துடிப்புத் துடிப்பாக விடுகிறது, சுழற்சியின் முதல் பாதியில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் முதல் ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. அந்தத் தாளத்தைக் கேட்டுத்தான் எல்.எச்.சும் எஃப்.எஸ்.எச்.சும் வருகின்றன, சூலகத்தில் முட்டை முதிர்கிறது. சக்தி போதாமல் போகும்போது சக்தி இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும், கொழுப்பிலிருந்து வரும் லெப்ரின் குறைகிறது, அழுத்த ஹோர்மோனான கோர்ட்டிசோல் ஏறுகிறது, தாளம் தளர்கிறது. பஞ்சத்தில் பிள்ளை பெறவேண்டாம் என்று உடம்பு எடுக்கும் முடிவு அது. விதை நெல்லையும் குத்திச் சோறாக்கும் நிலைமை வந்தால் எந்த வயற்காரனும் அடுத்த போகம் விதைக்கமாட்டான். ஈஸ்ரஜன் இறங்கியதும் எலும்பு தேயத் தொடங்கும். 17 வயதில் சேரவேண்டிய எலும்பு சேராது. கால் நோவும் நின்ற மாதவிடாயும் ஒரே நோயின் இரண்டு முகம்.

1990களின் தொடக்கத்திலேயே இது பெண் விளையாட்டு வீரர்களின் முக்கூட்டுப் பிரச்சினை என்று பெயரிடப்பட்டது: சக்திக் குறைவு (அன்று உணவுப் பழக்கக் கோளாறு என்று சொன்னார்கள்), மாதவிடாய் நிற்றல், எலும்பு தேய்தல். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு விளையாட்டில் சார்புச் சக்திக் குறைபாடு (RED-S) என்று அதை விரித்தது; இதயம், குடல், மனநிலை, நோயெதிர்ப்பு எல்லாம் அதற்குள் வரும், ஆண்களும் வருவார்கள்.

அக்காவின் உடலில் நடந்தது வேறு. அங்கே சக்தி மிஞ்சியிருந்தது, தசை இன்சுலினுக்குச் செவி சாய்க்கவில்லை, ஆதலால் இன்சுலின் மேலும் சுரந்தது. மிஞ்சிய இன்சுலின் சூலகத்தை ஆண் ஹோர்மோன் சுரக்கத் தூண்டும், அதைக் கட்டிவைக்கும் புரதத்தை ஈரலில் குறைக்கும். முட்டைகள் பாதி வளர்ச்சியில் நின்றுவிடும். வேலை செய்யும் தசையோ இன்சுலினின் தயவில்லாமலே சீனியை இழுத்துக்கொள்ளும். நடக்க நடக்க இன்சுலின் இறங்கியது, சூலகம் விடுபட்டது. நிறை குறையாவிட்டாலும் இந்தப் பயன் ஓரளவு உண்டு. 2023 வழிகாட்டி பெரியவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிட நடுத்தர உழைப்பும், அடுத்தடுத்து வராத இரண்டு நாள் தசைப் பயிற்சியும் சொல்கிறது. அக்காவின் கடற்கரை நடை 200 நிமிடம்.

தாய்க்கு இதைச் சொல்ல எனக்கு ஒரு உவமை போதுமாக இருந்தது: ஒரு வீட்டில் பெட்டகம் நிரம்பி நெல் புழுக்கிறது, மற்ற வீட்டில் பானை காலி. இரண்டு வீட்டுக்கும் "நெல்லைக் குறை" என்று ஒரே புத்தி சொல்லலாமா?

செய்தது

மெட்ஃபோமினை அன்றே நிறுத்தினோம். கருத்தடைக் குளிசை கொடுத்து மாதாமாதம் இரத்தம் வரவைக்கலாமா என்று தாய் கேட்டார். குளிசை நின்றதும் வரும் இரத்தம் மூளையின் தாளம் திரும்பியதற்குச் சாட்சி அல்ல. நாம் குணமாகிவிட்டது என்று ஏமாறுவோம், எலும்பும் அதனால் மீளாது. அகஞ்சுரப்பியியல் சங்கத்தின் 2017 வழிகாட்டியும் இந்த நோக்கத்துக்கு அதை வேண்டாம் என்கிறது. முதலில் சாப்பாடு.

தேவைப்பட்டது நாளுக்கு 700 கிலோகலோரி அளவு. அதை மா டின்னிலும் விலைகூடிய பக்கற்றிலும் தேடவேண்டியதில்லை. ஓட்டத்துக்கு முன் இரண்டு வாழைப்பழம். பாடசாலைப் பைக்குள் ஒரு கைப்பிடி கச்சானும் ஒரு அவித்த முட்டையும். இரவில் சோறோ பிட்டோ கறியோடு, கடைசியில் ஒரு கோப்பை எருமைத் தயிரும் பாணியும். மட்டக்களப்பில் இருந்துகொண்டு தயிருக்கு எங்கே போவது என்று கேட்கவேண்டிய நிலை இல்லை. நெத்தலியை முள்ளோடு தின்னச் சொன்னேன், கல்சியத்துக்கு. இரும்புக் குளிசையும் பிளேன்ரீயும் ஒன்றாகப் போகக்கூடாது, ஒரு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். குளிசையோடு தேசிக்காய்த் தண்ணி.

சாப்பாட்டைக் கூட்டுவது தாய்க்கு எளிது, மகளுக்குக் கடினமாக இருந்தது. முதல் மாதம் இரவுச் சோற்றைப் பார்த்து அழுதிருக்கிறாள். பாரம் ஏறினால் ஓடமுடியாது என்ற பயம். அவளைத் திட்டவேண்டாம் என்று வீட்டாரிடம் கேட்டுக்கொண்டேன், உளவளத்துணை உத்தியோகத்தரிடம் நான்கு முறை அனுப்பினேன். அக்கா பக்கத்தில் இருந்து சாப்பிட்டாள். அது நான் சொல்லிக்கொடுத்ததல்ல, அவளாகச் செய்தது.

பிறகு பயிற்சியாளர். வரச் சொன்னதும் வந்தார். நல்ல மனிதர், சொந்தக் காசில் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுப்பவர். 1500 மீற்றரில் 5 நிமிடம் 8 செக்கன் ஓடியவள் 5 நிமிடம் 21 செக்கனுக்கு இறங்கியதை அவர் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். சோம்பல் என்று நினைத்துப் பயிற்சியை இன்னும் கூட்டியிருக்கிறார். மாதவிடாய் பற்றிச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டு, "நான் ஆம்பிளை டொக்டர். தகப்பன் மாதிரித்தான் பாக்கிறன், ஆனா இதை எப்பிடிக் கேக்கிற?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேரம், தூரம், நாடித்துடிப்பு எல்லாம் எழுதும் கொப்பியில் இந்த ஒன்றுக்கு நிரல் இல்லை. இப்போது அந்தப் பாடசாலையில் ஒரு ரீச்சர் ஓட்டக்காரப் பிள்ளைகளிடம் மாதம் ஒருதரம் கேட்கிறார். இரண்டு மாதம் வராத பிள்ளையைத் தாயோடு அனுப்புகிறார். என் பார்வையில் இந்த நிகழ்வில் நாங்கள் செய்ததில் பெரிய வேலை அதுதான்.

ஆறு கிழமை ஓட்டம் இல்லை. ஏழாம் கிழமையிலிருந்து நடையும் ஓட்டமுமாக, கிழமைக்கு மூன்று நாள். பிறகு நான்கு. மாகாணப் போட்டி போயிற்று. அன்று அவள் மைதானத்தின் பக்கமே போகவில்லை.

தொடர்ந்த மாதங்கள்

மாசி முடிவில் 43.4 கிலோ, சித்திரையில் 45, ஆனியில் 45.9. நாடித்துடிப்பு 48இலிருந்து 58. கொழும்பில் எடுத்த எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் முதுகெலும்பின் இசட் மதிப்பு (அதே வயதினரின் சராசரியோடு ஒப்பிடும் கணக்கு) கழித்தல் 1.4, ஓட்டக்காரர்களுக்கு எலும்பு சராசரியை விடப் பலமாக இருக்கவேண்டும் என்பதால் கழித்தல் 1க்குக் கீழே போனாலே கவனிக்கிறோம். சித்திரை முடிவில் பசி திரும்பியது. "ராவில பசிச்சு எழும்பினவ டொக்டர்" என்று தாய் தொலைபேசியில் சொன்னபோது இனி வரும் என்று எனக்குத் தோன்றியது.

வைகாசி கடைசியில் வந்தது, நான்கு நாள். அடுத்தது 41 நாளில், அதற்கடுத்தது 34 நாளில். குளிர்த்திக்கு இளையவள் போகவில்லை. வீட்டில் படுத்திருந்தவளுக்குப் பொங்கல் சோறு கொண்டுபோய்க் கொடுத்ததாகத் தாய் சொன்னார், சொல்லும்போது அழுதுகொண்டே சிரித்தார்.

எலும்பு அடர்த்தியை அடுத்த தையில் மீண்டும் பார்க்கவேண்டும். ஈஸ்ரஜன் திரும்பினாலும் இழந்த எலும்பு முழுதாகத் திரும்பும் என்று யாரும் உறுதி தரமுடியாது, அதைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன். புரட்டாதியில் அவள் ஓடிய 1500 மீற்றர் நேரம் 5 நிமிடம் 11 செக்கன். அக்கா இன்னும் கடற்கரையில் நடக்கிறாள். சனிக்கிழமைகளில் தங்கையும் கூடப் போகிறாள், அன்று ஓடுவதில்லை.